மர்லின் வான் பற்றியும், நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் உடம்பைப் பற்றிப் பேசும் பேச்சு பற்றியும்

செக்காலை வாசகி

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மர்லின் வான் என்ற எழுத்தாளரைப் பற்றி இங்கே பேச ஆசைப்படுகிறேன். குண்டாக இருப்பவர்களின் உரிமைக்காகத் தொண்ணூறுகளில் இருந்து எழுதியும் போராடியும் வருபவர். தமிழில் அவரைப் பற்றி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1993-இல் ஒரே நாளில் அவருக்கு இரண்டு அடி விழுந்தது. அவரோடு பழகிக்கொண்டிருந்த ஆள், "நீ குண்டாக இருப்பதால் உன்னை என் நண்பர்களிடம் அறிமுகப்படுத்தக் கூச்சமாக இருக்கிறது" என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அன்றைக்கே மருத்துவக் காப்பீடு கிடையாது என்று ஒரு கடிதமும் வந்தது. அதற்குச் சொன்ன காரணம் எடை. அப்போது அவர் இருபதுகளில் இருந்த பெண். அந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்வோம்? மறுநாளே பட்டினி கிடக்க ஆரம்பிப்போம். அவர் ஒரு சிறுபத்திரிகை ஆரம்பித்தார். 1994-இல் வந்த அதன் பெயர் 'ஃபேட்!ஸோ?'. 'குண்டுதான், அதனால் என்ன?' என்று நம் வழக்கில் கேட்கலாம். 1998-இல் அதே பெயரில் புத்தகமாகவும் வந்தது. உன் உடம்பின் அளவுக்காக நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் துணைத்தலைப்பு. தொப்பை, கைச்சதை, இரட்டைத் தாடை என்று நாம் புடவைக்குள் மறைக்கிற எல்லாவற்றையும் சாதாரண மனிதர்களின் படங்களாக அதில் போட்டிருக்கிறார். உடம்பு இத்தனை விதமாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

1999-இல் அந்த ஊரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் விளம்பரப் பலகை வந்தது. வேற்றுக்கிரகவாசியின் படம் போட்டு, அவர்கள் வந்தால் குண்டானவர்களைத்தான் முதலில் தின்பார்கள் என்று எழுதியிருந்தார்கள். வானும் அவருடைய தோழர்களும் அந்தக் கூடத்தின் வாசலுக்கே போய் நின்று உடற்பயிற்சி செய்து எதிர்ப்புக் காட்டினார்கள். விஷயம் நகர நிர்வாகம் வரை போனது. 2000-இல் சான்பிரான்சிஸ்கோவில் உயரத்தையோ எடையையோ காரணம் காட்டி வேலை, வாடகை வீடு, பொது இடங்களில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. ஒரு விளம்பரப் பலகையில் ஆரம்பித்தது.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடை பார்க்கும் இயந்திரத்தில் எண்களை எடுத்துவிட்டுப் பாராட்டுச் சொற்களைப் போட்டார். ஏறி நின்றால் முள் 'அழகு' என்கிற மாதிரி ஒரு சொல்லில் போய் நிற்கும். அதில் ஏறும் பெண்களில் சிலர் அழுதுவிடுவார்களாம். நான் நம்புகிறேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், பள்ளத்தூரில் ஒரு மணிவிழாவுக்குப் போயிருந்தேன். காலைப் பலகாரப் பந்தி. எனக்கு எதிர் வரிசையில் கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பெண், பூசினாற்போல உடம்பு. வெள்ளைப்பணியாரம் கொண்டு வந்தவரிடம் இன்னொன்று வைக்கச் சொன்னாள். பக்கத்து இலை ஆச்சி, "அவளுக்குப் போதும், நீங்க அங்கிட்டு போங்க" என்று அவரை அனுப்பிவிட்டார். அந்தப் பெண் துவையலைத் தொட்ட விரலோடு அப்படியே ஒரு நிமிஷம் இருந்தாள். அப்புறம் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். சுற்றி இருந்த யாருக்கும் இது தப்பாகவே படவில்லை. நல்லதுக்குத்தானே சொன்னார்கள் என்றார்கள்.

அந்த ஆச்சிக்கு அவளுடைய ரத்தப் பரிசோதனை பற்றித் தெரியுமா? எதுவும் தெரியாது. குண்டாக இருப்பவரைப் பார்த்த மாத்திரத்தில் உறுதியாகக் கண்டுபிடிக்கக் கூடியது பார்க்கிறவரின் தப்பெண்ணத்தை மட்டும்தான் என்பது வான் திரும்பத் திரும்பச் சொல்லும் கருத்து. அன்றைக்குப் பந்தியில் அதுதான் ஞாபகம் வந்தது.

பள்ளத்தூர்க்காரன்

செக்காலை ஆச்சிக்கு வணக்கம். அந்தப் பிள்ளைக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பச்சிக்குச் சர்க்கரையில் கால்விரல் எடுக்க வேண்டி வந்தது. எங்கள் வளவில் ஐம்பது தாண்டிய ஆட்களில் மாத்திரை போடாதவர் குறைவு. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. நிலைமை இப்படி இருக்கும்போது 'குண்டுதான், அதனால் என்ன' என்று கேட்கச் சொல்லிக் கொடுப்பது ஆபத்தாகப் போய்விடாதா? நம் வீட்டுப் பலகாரங்களைப் பாருங்கள். கந்தரப்பம், உக்காரை, அதிரசம், சீயம். எல்லாம் வெல்லமும் எண்ணெயும். கண்டிக்க ஒரு ஆள் வேண்டாமா?

செக்காலை வாசகி

அண்ணே, உங்கள் பயம் நியாயமானது. அப்பச்சி படும் பாட்டைக் கூட இருந்து பார்த்தவர் நீங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பச்சி குண்டா? அவரைப் பந்தியில் யாராவது தடுத்தார்களா?

வான் சர்க்கரை வராது என்று எங்கேயும் சொல்லவில்லை. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருவருக்கு வேலையும் வைத்தியமும் காப்பீடும் மரியாதையும் கிடைக்க வேண்டும் என்கிறார். ஆரோக்கியமாக இருப்பவருக்கு மட்டும்தான் மரியாதை என்று வைத்தால் நோயாளியை என்ன செய்வது? அவர் மேல் எனக்கு மதிப்பு வந்ததே இந்த இடத்தில்தான். 'நான் குண்டு, ஆனால் எனக்கு ஒரு நோயும் கிடையாது' என்று சான்றிதழ் காட்டித் தப்பிக்கப் பார்க்கவில்லை அவர்.

பள்ளத்தூர்க்காரன்

அப்பச்சி ஒல்லிதான். வேட்டி இடுப்பில் நிற்காது.

தேவகோட்டை செவிலி

சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நான் பல வருஷமாக இந்தப் பக்கத்து மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறேன். ஒல்லியாக இருந்ததால் சர்க்கரை இருப்பதே தெரியாமல், காலில் புண் வைத்த பிறகு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எங்கிட்டு வரும்' என்று அவர்களும் இருந்துவிடுகிறார்கள், பரிசோதனை எழுத வேண்டியவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் யட்கின், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், ஒன்றேதான், 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், நம் ஆளுக்கு 21.2 சதவீதம். பார்ப்பதற்கு இருவருமே ஒல்லி. நம் நாட்டவருக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்ளே ஒளிந்துகொள்ளும். இதனால்தான் இந்தியர்களுக்கு 25-க்குப் பதில் 23-லேயே எச்சரிக்கைக் கோடு போட்டார்கள்.

அந்த பிஎம்ஐ கணக்கைப் போட்ட கெட்லே மருத்துவரே இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித, வானியல் அறிஞர். 1830-களில் ஒரு நாட்டு மக்களின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று கணக்குப் பார்க்கக் கிளம்பியவர். 1972-இல்தான் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். மக்கள் கூட்டத்துக்குப் போட்ட கணக்கைத் தனி ஆள் மேல் போட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம். 2025 ஜனவரியில் லான்செட் அமைத்த நிபுணர் குழுவும் பிஎம்ஐ-யை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்யாதீர்கள், உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள் என்றுதான் சொன்னது.

குண்டாக இருப்பவர்களுக்கு நடப்பது வேறு கொடுமை. மூச்சு வாங்குகிறது என்று ஒரு அம்மா வந்தார். போன இடத்தில் எல்லாம் 'எடையைக் குறைச்சுட்டு வாங்க' என்று அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தபோது ஹீமோகுளோபின் தரையில் கிடந்தது. அத்தனை மாசம் அவர் சோற்றை வேறு குறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு இதை எழுதும்போதே ஆத்திரம் வருகிறது. திட்டு வாங்கியே பழகியவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வரும்போது நோய் முற்றியிருக்கிறது. அப்புறம் அதற்கும் எடைதான் காரணம் என்று எழுதிவிடுகிறோம்.

கல்லுக்கட்டி தையல்கடை

சிஸ்டர் சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் ரவிக்கை தைக்கிறவள். இஞ்சு டேப்பை எடுத்தாலே பெண்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். 'அக்கா மூச்சை விடுங்க, அப்பத்தான் அளவு சரியா வரும்' என்று சொல்ல வேண்டியிருக்கும். அளவைச் சத்தமாகச் சொல்லாதீங்க என்று காதோடு கேட்பவர்கள் உண்டு. கடையில் வேறு ஆட்கள் இருப்பார்கள் அல்லவா.

கல்யாணத்துக்கு இரண்டு மாசம் இருக்கும்போது வரும் பெண்கள்தான் எனக்குக் கவலை. 'ரெண்டு இஞ்சு குறைச்சே தைங்க, அதுக்குள்ள இளைச்சிருவா' என்று கூட வரும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாது. நான் உள்ளே துணி தாராளமாக விட்டுத்தான் தைப்பேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி பிரித்துக் கொடுக்கச் சொல்லி ஆள் வரும். காலையில் கழுத்துரு என்கிற தங்கத் தாலி ஏற வேண்டும். அந்தத் தங்கத்தின் பாரத்தைத் தாங்கி நிற்க வேண்டிய பெண்ணை மாசக்கணக்கில் பட்டினி போட்டு நிறுத்துகிறார்கள். துணியை உடம்புக்குத் தகுந்தமாதிரி வெட்டுவதுதான் எங்கள் தொழில். உடம்பைத் துணிக்குத் தகுந்தமாதிரி வெட்டச் சொன்னால் எப்படி?

கண்டனூர் பேரன், சென்னை

கல்யாணப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அக்காவுக்கு வரன் பார்த்தபோது ஜாதகம் பொருந்திய பிறகு முதல் கேள்வி 'முழு உருவப் போட்டோ இருக்கா' என்பதுதான். ஐயா, ஆயா எல்லோரும் வட்டகை (ஊர்ப் பிரிவு), கோயில் (குலப் பிரிவு) எல்லாம் பார்த்துப் பேசி முடிக்கும் நேரத்தில் 'பொண்ணு கொஞ்சம் கனமா இருக்கு' என்று தரகர் வழியாகச் செய்தி வரும். மாப்பிள்ளைக்குத் தொப்பை இருந்தால் 'நல்லா வசதியா இருக்காப்ல' என்பார்கள். அக்கா வங்கியில் அதிகாரி. அவளுடைய படிப்பு, சம்பளம், குணம் எல்லாம் அந்தப் போட்டோவுக்குப் பின்னால் நின்றது. எங்கள் ஆத்தா இரண்டு வேளைக் கஞ்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார். அக்கா மயங்கி விழுந்ததும் அதை நிறுத்தினார்கள்.

இப்போது எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டது. 2025-இல் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்ததில் இருந்து எங்கள் உறவுக்காரர் குழுவில் அதைப் பற்றித்தான் பேச்சு. சர்க்கரைக்காக டாக்டர் எழுதிக் கொடுத்துப் போடுவது வேறு. கல்யாணத் தேதிக்காகப் போடுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அலமாரி

வரலாறு கொஞ்சம் சேர்க்கிறேன். மர்லின் வான் இதைத் தனியாக ஆரம்பித்தவர் இல்லை. 1967-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 500 பேர் கூடி, டயட் புத்தகங்களையும் அப்போது ஒல்லி உடம்புக்குப் பேர்போன மாடல் ட்விக்கியின் படத்தையும் எரித்தார்கள். 1969-இல் பில் ஃபேப்ரி என்ற பொறியாளர் குண்டானவர்களுக்காக நாஃபா என்ற சங்கத்தைத் தொடங்கினார். மனைவியைக் குண்டு என்று ஊர் படுத்தும் பாட்டைப் பொறுக்க முடியாமல் இறங்கியவர். எழுபதுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் ஜூடி ஃப்ரீஸ்பிரிட், ஆல்டெபரான் என்ற பெயரில் எழுதியவர் முதலான பெண்கள் இன்னும் கடுமையாகப் பேசினார்கள். 1973-இல் குண்டானவர்களின் விடுதலை அறிக்கை ஒன்றை எழுதினார்கள். டயட் வியாபாரத்தை நேரடியாகவே எதிரி என்று சொன்ன அறிக்கை அது. வான் வந்தபோது இந்தப் பாதை ஏற்கெனவே இருந்தது. அவர் அதில் சிரிப்பையும் கொண்டாட்டத்தையும் கொண்டு வந்தார். 2009-இல் குண்டு உடம்பைச் சமூகம் பார்க்கும் விதம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிப் பெரிய தொகுப்பு ஒன்று வந்தபோது முன்னுரை எழுத அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை மிச்சிகன் மாநிலம் 1976-லேயே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தில் எடையைச் சேர்த்துவிட்டது. நியூயார்க் நகரம் 2023-இல் சேர்த்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2009-இல் ஏர் இந்தியா எடை கூடியதாகச் சொல்லி விமானப் பணிப்பெண்களை வேலையை விட்டு நீக்கியது ஞாபகம் இருக்கும். அவர்களில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்கள் உண்டு. மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் உயரமும் எடையும் கேட்டு, கூடுதலாக இருந்தால் பிரீமியத்தை ஏற்றுவது இங்கேயும் நடக்கிறது. 1993-இல் வானுக்கு வந்த கடிதம் நம் ஊருக்கும் வரக்கூடியதுதான்.

நான் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். அவர்களுடைய போராட்டம் தனி மனித உரிமை என்ற தளத்தில் நிற்கிறது. நம் பக்கத்தில் உடம்பு தனி ஆளுடையது மட்டும் இல்லை. ஒரு பெண்ணின் எடையைப் பற்றி அத்தை, ஆச்சி, பக்கத்து வீடு எல்லோருக்கும் சொல்ல உரிமை உண்டு என்று ஊரே நினைக்கிறது. இங்கே சட்டத்தைவிட முதலில் மாற வேண்டியது அந்த உரிமை.

பள்ளிக்கூடத்து வாத்தியார்

அலமாரி சொன்னதோடு பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல்நலப் பரிசோதனைக்கு ஆட்கள் வரும்போது வராந்தாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார்கள். ஒருவர் எடை பார்த்துச் சத்தமாகச் சொல்ல, மேசையில் இருப்பவர் எழுதுவார். அறுபத்தெட்டு என்று குரல் கேட்டதும் வரிசையே திரும்பிப் பார்க்கும். அந்தப் பையனுக்கு அன்றைக்கே எண் பட்டப்பெயர் ஆகிவிடும். அதன் பிறகு அவன் விளையாட்டுப் பிரிவேளையில் வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடுவான். ஓடி விளையாட வேண்டிய பிள்ளையை நாமே உட்கார வைத்துவிட்டோம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் குண்டான குழந்தைகளின் படங்களைப் போட்டு, எச்சரிக்கை என்று எழுதி, ஊரெல்லாம் பலகை வைத்தார்கள். 2012-இல் மர்லின் வான் அதற்கு எதிராக, எல்லா அளவு உடம்புக்காரர்களையும் தங்கள் படத்தோடு 'நான் எதற்காக நிற்கிறேன்' என்று எழுதி அனுப்பச் சொல்லி இயக்கம் நடத்தினார். எங்கள் பள்ளியில் இந்த வருஷம் மேசையை அறைக்குள் போட்டு, ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே கூப்பிட்டு, எண்ணைச் சொல்லாமல் எழுதச் சொல்லிக் கேட்டோம். வந்தவர்கள் மறுக்கவில்லை. கூடுதலாக அரைமணி நேரம் ஆனது, அவ்வளவுதான்.

பள்ளத்தூர்க்காரன்

எல்லாவற்றையும் படித்தேன். பந்தியில் தடுப்பது, வரிசையில் கத்திச் சொல்வது, இதெல்லாம் கூடாது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எடைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் மட்டும் ஏற்க மாட்டேன்.

தேவகோட்டை செவிலி

அப்படிச் சொல்லவும் கூடாது அண்ணே. மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சு அடைப்பது, சர்க்கரை, இவற்றுக்கெல்லாம் எடையோடு தொடர்பு உண்டு. ஆனால் பட்டினி கிடந்து குறைத்த எடை பெரும்பாலானவர்களுக்குச் சில வருஷத்தில் திரும்பி வந்துவிடுகிறது. அதுவும் உண்மை. எடை இறங்காவிட்டாலும் தினம் நடந்தால் சர்க்கரையும் பிரஷரும் இறங்கும். அதனால் நான் நோயாளிகளிடம் நடையைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் கேட்பேன். 'ஏன் இப்படி இருக்கீங்க' என்று கேட்க மாட்டேன்.

புதுவயல்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சிஸ்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் அம்மாவுக்குக் கை நல்ல பருமன். பிபி பார்க்கும்போது பட்டை ஒட்டாமல் பிரிந்துகொள்ளும். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். 160 என்று வந்தது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். 'இந்தக் கைக்கு நாங்க என்ன பண்றது' என்று அங்கே ஒருவர் சொன்னதில் இருந்து அம்மா போக மாட்டேன் என்கிறார். அந்த அளவு சரிதானா?

தேவகோட்டை செவிலி

அம்மாவின் கையில் தப்பு இல்லை, பட்டைதான் சிறிசு. சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் பிபி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 2023-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையில் பார்த்தபோது மேல் அளவு சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உண்மையிலேயே பிபி இருக்கவும் கூடும். முதலில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை எடுங்கள். 27 முதல் 34 சென்டிமீட்டர் என்றால் சாதாரணப் பட்டை போதும். 35 முதல் 44 என்றால் பெரிய பட்டை. அதற்கும் மேல் என்றால் தொடைக்குக் கட்டும் பட்டை என்று ஒன்று உண்டு. 'லார்ஜ் கஃப்' இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள், பல இடங்களில் அலமாரிக்குள்தான் இருக்கும். அதில் பார்த்த அளவை எழுதி வாங்கிக்கொண்டு மாத்திரை கொடுத்த டாக்டரிடமே காட்டுங்கள்.

கல்லுக்கட்டி தையல்கடை

புதுவயல் தம்பி, அளவு எடுக்க அம்மாவைக் கடைக்குக் கூட்டிட்டு வாங்க. டேப்பின் மறுபக்கம் சென்டிமீட்டர்தான். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் வந்தால் கடையில் வேறு ஆள் இருக்காது.